வேலைக்கு அக்கா, ஓட்டுக்குக் கட்சியா? எங்கள் நலச்சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் சாருக்கும், பொருளாளர் அண்ணனுக்கும், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போட்ட தீர்மானம் திங்கட்கிழமை காலையில் என் கடைக்குத்தான் வந்தது. சங்கத்துப் பையன் கொண்டுவந்து நீட்டி, '300 காப்பி அண்ணே, ஒரு பக்கம்' என்றான். மெஷினில் வைப்பதற்கு முன்னால் எந்தத் தாளையும் ஒருமுறை பார்த்துவிடுவது என் வழக்கம். எழுத்து மங்கலாக இருந்தால் அடர்த்தி கூட்ட வேண்டுமே. அப்படிப் பார்க்கும்போது மூன்றாவது தீர்மானத்தில் கண் நின்றுவிட்டது.

வரப்போகும் மாநகராட்சித் தேர்தலில் அரசியல் கட்சிகளின் வேட்பாளர்களை மட்டும் சங்க மேடைக்கு அழைப்பது, சுயேச்சைகளுக்கு மேடையும் கிடையாது ஆதரவும் கிடையாது, சுயேச்சைக்குப் போட்டு ஓட்டை வீணாக்க வேண்டாம் என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுப்பது. இதுதான் அந்தத் தீர்மானம்.

அதில் யார் பெயரும் இல்லை. ஆனால் நம் வார்டில் சுயேச்சையாக நிற்கப்போவதாகச் சொல்லியிருப்பவர் ஒரே ஒருவர்தான். தையற்கடை அக்கா. நோட்டீஸ் யாருக்கு எதிராக என்று நம் தெருவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டேன். அது என் தொழில். ஆனால் இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை. 19 வருடமாக இந்தச் சங்கத்தில் சந்தா கட்டும் உறுப்பினர் நான். சங்கத்தைப் பதிவு செய்தபோது துணைவிதிகளை டைப் செய்ததும் என் கடையில்தான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். தனியாக வந்து உங்கள் காதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஊருக்கே நோட்டீஸ் கொடுத்துவிட்டீர்கள். அதனால் பதிலும் ஊருக்குத் தெரியத்தான் வர வேண்டும்.

அக்காவை எனக்கு முதலில் தெரிந்தது அரசியலால் இல்லை. 2011இல் ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, 'தம்பி, கவுன்சிலர் எலெக்‌ஷனுக்கு மனு கொடுக்கணும், என்னென்ன பேப்பர் வேணும்னு உனக்குத் தெரியுமா?' என்று கேட்டார். எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்துதான் கற்றுக்கொண்டோம். வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண், முன்மொழிபவர் கையெழுத்து, சொத்து விவரம், வழக்கு விவரம், நோட்டரி முத்திரை. எங்கே கோடு போட வேண்டும், எங்கே 'இல்லை' என்று எழுத வேண்டும் என்பதுகூடக் கேட்டுக் கேட்டுத்தான். கட்சி வேட்பாளருக்கு இதையெல்லாம் செய்ய ஒரு வக்கீல் இருப்பார். அக்காவுக்கு நான் இருந்தேன், ஒரு ஜெராக்ஸ் மெஷின் இருந்தது.

அந்த வருடம்தான் சென்னை மாநகராட்சி 155 வார்டிலிருந்து 200 வார்டாகப் பெரிதாகி முதல் தேர்தல். அக்கா கேட்ட சின்னம் தையல் மெஷின். அதையே இன்னொருவரும் கேட்டதால் குலுக்கல் போட்டார்கள், இவருக்கு விழவில்லை. பூட்டு சாவி கிடைத்தது. தோற்றார். டெபாசிட்டும் போனது. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்க வேண்டும், அவரால் முடியவில்லை. மறுநாள் காலை கடை திறந்து பாவாடை தைத்துக்கொண்டிருந்தார். போஸ்டர் காசு பாக்கி இருந்தது, அதை மூன்று தவணையில் கொடுத்து முடித்தார்.

தோற்ற சுயேச்சைகளை அடுத்த தேர்தல்வரை தெருவில் பார்க்க முடியாது என்று நீங்கள் கூட்டத்தில் பேசியதாகக் கேள்விப்பட்டேன். ஐயா, இந்த ஒன்றை மட்டும் நீங்கள் சொல்லியிருக்கக் கூடாது.

2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். மழை என்றாலே நம் வியாசர்பாடியில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூடிவிடும், கேப்டன் காட்டன் கால்வாய் எதிர்த்து அடிக்கும், நமக்கு அது பழக்கம். ஆனால் அந்த 1ஆம் தேதி ராத்திரி வந்த தண்ணீர் வேறு. அக்கா கடையில் இருந்த மூன்று மெஷினில் இரண்டு முழுகிவிட்டன. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் தைக்கக் கொடுத்திருந்த துணியெல்லாம் சேறு. ஒவ்வொருவருக்கும் துணிக்கான காசைப் பிறகு திருப்பிக் கொடுத்தார், யாரும் கேட்காமலே. அந்த நேரத்திலும் கையில் ஒரு நீள நோட்டை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கதவு எண், குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், தண்ணீர் எவ்வளவு உயரம். உயரத்தை அடிக்கணக்கில் எழுதவில்லை. கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு. அவ்வளவுதான்.

நிவாரணம் 5,000 ரூபாய் என்று அறிவித்து, கணக்கெடுப்பில் நம் பக்கம் இரண்டு சந்து விட்டுப்போனபோது, எந்தக் காகிதத்தை வைத்துப் பேசினோம்? அந்த நோட்டைத்தான். முழு நோட்டையும் என் கடையில்தான் காப்பி எடுத்தோம். அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போன குழுவுக்கு முன்னால் நின்றது தலைவர் ஐயா, நீங்கள்தான். சங்கத்தின் சாதனை என்று அந்த வருட ஆண்டறிக்கையில் அச்சடித்தோம். தவறில்லை, சங்கமும் உழைத்தது. ஆனால் அந்த நோட்டில் உங்கள் கதவு எண்ணுக்கு நேராக 'இடுப்பு' என்று எழுதியிருப்பது அக்காவின் கையெழுத்து. அதை எழுதும்போது அவரும் உங்கள் வாசலில் இடுப்பளவு தண்ணீரில்தான் நின்றிருப்பார்.

அடுத்தது 2016. அந்த அக்டோபரில் தேர்தல் என்று அறிவித்தார்கள். அக்கா மறுபடியும் மனு கொடுத்தார். வேட்புமனு 3ஆம் தேதியோடு முடிந்தது, 4ஆம் தேதி உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்துவிட்டது. அந்த மாதமே மன்றத்தின் பதவிக்காலமும் முடிந்தது. அதற்கப்புறம் 2022 பிப்ரவரிவரை, ஐந்து வருடத்துக்கு மேலாக, இந்தப் பெருநகரத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. தனி அதிகாரிதான். நமக்கு இது புதிதும் இல்லை. 1973இல் மன்றத்தைக் கலைத்த பிறகு 1996இல்தான் மறுபடி தேர்தல் நடந்தது. 1688இல் தொடங்கிய மாநகராட்சி என்று பெருமை பேசுகிறோம், ஆனால் நம் தலைமுறையில் பாதி நாள் வார்டுக்கு ஆளே இல்லாமல் போயிருக்கிறது.

அந்த ஐந்து வருடம் நம் வார்டில் கவுன்சிலர் வேலையை யார் பார்த்தது? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிக் கிடந்தபோது, லாரித் தண்ணீருக்கு நம் தெரு முனையில் குடம் வீசி அடித்துக்கொண்டார்கள். அக்காதான் குடும்பத்துக்கு இத்தனை குடம் என்று டோக்கன் எழுதினார். அந்த டோக்கன்கூட என் கடைக் கழிவுத் தாளை வெட்டித் தைத்த துண்டுதான். லாரி வந்த நாள், வந்த நேரம், டிரைவர் சொன்ன காரணம் என்று தேதிவாரியாக எழுதி வைத்தார். ஒரு மாதக் கணக்கைக் காட்டித்தான் இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்த லாரியை தினமும் வரவைத்தார். 2020இல் கொரோனா வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்துவிட்டுப் போனபோது, உள்ளே இருந்தவர்களுக்குப் பாலும் சுகர் மாத்திரையும் யார் கொண்டுபோய் வைத்தது? பொருளாளர் அண்ணே, உங்கள் அம்மாவுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

அவரால் முடியாத ஒன்று இருந்தது. கையெழுத்து. ஆதாரில் முகவரி மாற்ற வேண்டும், கவுன்சிலர் சான்று வேண்டும் என்று பெண்கள் அவர் கடைக்கு வருவார்கள். 'எனக்கு ஏதுடி லெட்டர்பேடு?' என்று சொல்லி, அவர்களைக் கூட்டிக்கொண்டு எம்.எல்.ஏ. அலுவலக வாசலில் போய்க் காத்து நிற்பார். பாதி நாள் கூலி போய்விடும். வேலையெல்லாம் அவரிடம், முத்திரை மட்டும் வேறு எங்கேயோ.

2022 தேர்தலை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுயேச்சைக்கு ஓட்டு வராது என்கிறீர்களே, ஏன் வராமல் போகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஜனவரி 28இல் மனுத் தாக்கல் தொடங்கியது. பிப்ரவரி 7 வாபஸுக்குக் கடைசி நாள். அன்று சாயங்காலம்தான் சுயேச்சைகளுக்குச் சின்னம். 17ஆம் தேதி மாலையோடு பிரசாரம் முடிந்தது, 19ஆம் தேதி ஓட்டு. அதாவது சின்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்களைப் பார்க்கக் கிடைத்தது பத்தே நாள். கட்சிச் சின்னங்கள் ஐம்பது அறுபது வருடமாகச் சுவரில் இருக்கின்றன. அக்காவுக்கு இந்த முறையும் தையல் மெஷின் கிடைக்கவில்லை, பூட்டு சாவியும் கிடைக்கவில்லை. ஆட்டோ ரிக்‌ஷா. 2011இல் பாடுபட்டு பூட்டு சாவி, பூட்டு சாவி என்று பதிய வைத்ததெல்லாம் வீண். புதுச் சின்னத்தைப் போட்டு நோட்டீஸ் அடித்து, அது காய்வதற்குள் வீட்டுக்கு வீடு கொண்டுபோனோம்.

ஓட்டு நாளன்று நான் பூத் ஏஜென்ட். மூன்றாவது சந்துப் பாட்டி ஒருவர் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து, 'பூட்டு சாவியைத் தேடினேன், காணோமே, கண்ணுக்குத் தெரிந்ததை அழுத்திட்டேன்' என்றார். பேரக்குழந்தைக்குக் கவுன் தைத்துக் கொடுத்தவரை அவருக்கு நன்றாகத் தெரியும். பெயரைப் படிக்கத் தெரியாது. பெரிய பெயரோடு வருகிறவருக்குப் பத்து நாள் போதும். இதே வடசென்னையில், ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் 2017 டிசம்பரில் டி.டி.வி. தினகரன் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்று 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவர் ஒரு பெரிய கட்சிக்குள்ளிருந்து பிரிந்து வந்தவர், ஊர் முழுக்கத் தெரிந்த முகம், பின்னால் ஆட்கள் இருந்தார்கள். 2024இல் ஓ.பன்னீர்செல்வம் ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தோடு நின்று இரண்டாவது இடம் வந்ததும் அப்படித்தான். அவர்களும் சுயேச்சை, அக்காவும் சுயேச்சை என்று ஒரே தட்டில் வைக்க முடியாது. அக்காவுக்குப் பின்னால் இருந்தது ஒரு தையற்கடையும் நாங்கள் பதினொரு பேரும்தான். இருபதுக்கு மேல் பூத், எங்களிடம் ஏஜென்ட் இருந்தது ஒன்பதில். மற்ற பூத்தில் என்ன நடந்தது என்று பார்க்க எங்களுக்கு ஆள் இல்லை.

டெபாசிட் 4,000 ரூபாய். செலவு வரம்பு 90,000. அக்கா செலவழித்தது அதில் பாதிகூட வராது. கணக்கை நான்தான் எழுதினேன், டீ வாங்கிய ரசீது உட்பட 30 நாளுக்குள் தாக்கல் செய்தோம். ஓட்டுக்கு முந்தின ராத்திரி நம் சந்துகளில் கவர் வந்ததும் எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக் கதவையும் தட்டினார்கள். அந்தக் கவர் எந்தக் கணக்கில் ஏறியது என்று சங்கத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தீர்மானமும் போடவில்லை.

இத்தனைக்கும் மேலே அக்கா இரண்டாவது இடம் வந்தார். டெபாசிட் திரும்ப வந்தது. அந்தத் தேர்தலில் சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு 44 பேர்கூட இல்லை. பாதிக்கு மேல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வீணாய்ப் போன ஓட்டு எது என்று கேட்டால் நான் அந்த ஓட்டைத்தான் சொல்வேன். சங்கம் நோட்டீஸ் அடிப்பதாக இருந்தால் அவர்கள் வீட்டுக்கு அடியுங்கள், வாருங்கள் என்று கூப்பிட. காசு வாங்காமல் காப்பி எடுத்துத் தருகிறேன்.

சரி, நீங்கள் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன். சுயேச்சை ஜெயித்தால் வேலை நடக்காது என்பது முதல் காரணம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறைக்கவில்லை. 2022இல் 200 வார்டில் 5 பேர்தான் சுயேச்சையாக ஜெயித்தார்கள். 153 பேர் ஒரே கட்சி. மன்றத்தில் ஒரு தனி ஆளால் தீர்மானத்தை நிறைவேற்றவும் முடியாது, தடுக்கவும் முடியாது. ஆனால் நமக்கு வார்டில் வேண்டியது என்ன? எரியாத விளக்கு, தூர் வாராத வடிகால், மூன்று நாளாக எடுக்காத குப்பை, பூட்டிக் கிடக்கும் கழிப்பறை. இதற்கெல்லாம் மண்டல அலுவலகத்தில் உட்கார்ந்து, உதவிப் பொறியாளரை விடாமல் கேட்கிற ஆள் வேண்டும். வார்டு மேம்பாட்டு நிதி கட்சிக் கவுன்சிலருக்கும் சுயேச்சைக் கவுன்சிலருக்கும் பொதுதான். மன்றக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கவும் கட்சி அட்டை தேவையில்லை.

வேலை நடப்பது பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தண்ணீர் நின்றபோது அக்கா அதே மாதிரி இன்னொரு நோட்டு எழுதினார். 6,000 ரூபாய் நிவாரணத்துக்கு டோக்கன் வராதவர்களுக்கு என் கடையில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார், ராத்திரி பதினொரு மணிவரை. அது முடிந்த பிறகு ஒருநாள் 2015 நோட்டையும் 2023 நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முன்பு கணுக்கால் என்று இருந்த இரண்டு சந்தில் இப்போது முழங்கால். நடுவில் அங்கே நடந்தது ஒன்றுதான், புது மழைநீர் வடிகால் கட்டினார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, வடிகாலின் மட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கினார். பக்கத்துத் தெருக் கொத்தனாரை அழைத்து டியூப் லெவல் வைத்துப் பார்த்தார்கள். வாட்டம் தப்பு. கால்வாய்ப் பக்கம் சரிய வேண்டிய தண்ணீர் சந்துக்குள் சரிகிறது. லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய வடிகால் தண்ணீரை வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறது. இதைக் கண்டுபிடித்தது பொறியாளர் இல்லை, கட்சிக்காரர் இல்லை, மன்னிக்க வேண்டும், நம் சங்கமும் இல்லை. தோற்றுப்போன ஒரு சுயேச்சை வேட்பாளர்.

ஜெயித்ததும் ஏதாவது கட்சிக்குப் போய்விடுவார்கள் என்பது இரண்டாவது காரணம். நியாயமான பயம். எம்.எல்.ஏ., எம்.பி.யாகச் சுயேச்சையில் ஜெயித்தவர் கட்சியில் சேர்ந்தால் பதவியே போய்விடும் என்று 1985இலேயே சட்டம் வந்துவிட்டது, இந்தப் பயம் இருந்ததால்தான். அக்காவிடமும் கேளுங்கள். எழுதி வாங்குங்கள். ஆனால் கேட்பதற்கு அவரை மேடைக்கு அழைத்தாக வேண்டுமே? கதவைச் சாத்திவிட்டு, உள்ளே வந்தால் இப்படிச் செய்வாள் என்று குற்றம் சொல்லலாமா?

கட்சி இல்லாமல் அரசியல் ஏது என்றும் பேசியிருக்கிறீர்கள். நம் தெருவில் பாதிக் குடும்பம் செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் பக்கம். ஊரில் ஊராட்சித் தலைவர் தேர்தல் எப்படி நடக்கிறது? கட்சிச் சின்னமே கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ என்று கொடுப்பதைத்தான் வாங்கி நிற்கிறார்கள். ஆள் யார், கூப்பிட்டால் வருவாரா என்று பார்த்துத்தான் போடுகிறோம். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் ஆளைப் பார்க்கிற அதே கண், சென்னையில் வந்து இறங்கியதும் ஏன் ஆளைப் பார்க்க மறுக்கிறது? 1952இல் அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 375 பேரில் 62 பேர் சுயேச்சைகள். 1957இல் அண்ணா காஞ்சிபுரத்தில் ஜெயித்தபோது அவர் கட்சிக்கு அங்கீகாரம் இல்லை, தேர்தல் ஆணையக் கணக்கில் அவரும் சுயேச்சைதான். பத்தே வருடத்தில் ஆட்சியைப் பிடித்தார்கள். அன்றைக்கு மேடை கொடுக்காமல் இருந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள்.

உண்மையான காரணம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது, அதையும் வெளிப்படையாகவே பேசிவிடலாம். அக்காவுக்குக் கோபம் அதிகம். இரண்டு வருடத்துக்கு முன்னால் பூங்காச் சுவர் விஷயத்தில் பொதுக்குழுவில் எழுந்து செயலாளர் சாரைப் பார்த்து அவர் பேசிய பேச்சு சரியில்லை. வயதில் பெரியவர், அத்தனை பேர் முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நான் அன்றைக்கே அவரிடம் சொன்னேன், அவரும் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை என்பதும் உண்மை. சார், அந்த வருத்தம் உங்களுக்கு இருந்தால் அழைத்துப் பேசுங்கள், நான் கூட்டிக்கொண்டு வருகிறேன், மன்னிப்புக் கேட்கச் சொல்கிறேன். மனவருத்தத்தைத் தீர்மானமாக எழுதி 300 வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

இதற்கெல்லாம் அக்கா என்ன சொல்கிறார் என்று கேட்பீர்கள். நோட்டீஸைப் படித்தார். மடித்து மெஷின் டிராயரில் வைத்தார். 'பரவாயில்லப்பா, நாலாவது சந்துல லைட் எரியலையாம், நம்பரைக் குறிச்சிட்டு வா' என்றார். இந்த மடல் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வேண்டாம் என்பார்.

இனி நான் சங்கத்திடம் கேட்பது.

மூன்றாவது தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். நம் துணைவிதியில் 'எந்த அரசியல் கட்சியையும் சாராதது' என்று எழுதியிருக்கிறது. அந்த வரியை டைப் அடித்தவன் நான். கட்சி வேட்பாளர்களை மட்டும் அழைப்பது அந்த வரிக்கு நேர் எதிர். 1975ஆம் வருடச் சட்டத்தில் பதிவான சங்கம் இது, நிர்வாகக் குழு ஏழு பேர் கூடி விதியை மாற்ற முடியாது. பொதுக்குழுவைக் கூட்டுங்கள், நோட்டீஸ் கொடுத்துக் கூட்டுங்கள், பெண்களும் வர முடிகிற நேரமாக, ஞாயிறு சாயங்காலமாக வையுங்கள். அங்கே ஓட்டெடுப்பில் இதே தீர்மானம் ஜெயித்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

தேர்தல் அறிவித்ததும், சின்னம் ஒதுக்கிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ, எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடைக்கு அழையுங்கள். கட்சியோ சுயேச்சையோ ஆளுக்குப் பத்து நிமிடம். யார் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். பெரிய கட்சிக்காரர் வரும்வரை மற்றவர்களைக் காக்க வைக்காதீர்கள்.

எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். இரண்டு சந்து வடிகாலின் வாட்டத்தை எப்போது சரிசெய்வீர்கள்? வார்டு நிதி எதற்குச் செலவானது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை சங்கப் பலகையில் ஒட்டுவீர்களா? வார்டு குழுவையும், பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாவையும் முன்கூட்டியே தேதி சொல்லி, கதவைத் திறந்துவைத்து நடத்துவீர்களா? ஜெயித்த பிறகு கட்சி மாறினால், அல்லது சுயேச்சையாக இருந்து கட்சியில் சேர்ந்தால், பதவியை விட்டுவிட்டு மறுபடி எங்களிடம் ஓட்டுக் கேட்டு வருவீர்களா? பதிலை எழுத்தில் வாங்கிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட மறுப்பவர் யார் என்பதையும் பலகையில் ஒட்டுங்கள். அக்கா மறுத்தாலும் ஒட்டுங்கள்.

இன்னொன்று. அந்த இரண்டு தண்ணீர் நோட்டுகளும் அக்கா வீட்டுப் பரணில் கிடக்கின்றன, 2015 நோட்டில் ஓரம் செல்லரிக்கத் தொடங்கிவிட்டது. அதை நம் சங்க ஆவணமாக எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் பெயரைப் போட்டு, ஒரு பிரதியைச் சங்க அறைச் சுவரில் மாட்டுங்கள். ஆண்டறிக்கையில் விட்டுப்போன பெயர் அது. பிரதி எடுப்பதும் பைண்டிங்கும் என் செலவு.

இந்த மடலையும் 300 காப்பி எடுத்திருக்கிறேன். உங்கள் நோட்டீஸ் போன ஒவ்வொரு வீட்டுக்கும் இதுவும் போகும். பதினைந்து நாளுக்குள் பொதுக்குழுத் தேதியை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாய்வார்த்தையாகப் 'பார்த்துக்கலாம்' என்று சொன்னால் ஏற்க மாட்டேன். கடை காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பதுவரை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர், ஜெராக்ஸ் கடைக்காரன்,
வியாசர்பாடி, சென்னை